பழைய ஜீப்: பழுது எது, மேம்பாடு எது?

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதையில் சாதாரணக் கார் போகாது. தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது, பாதையோ கேரளத்தின் பக்கமிருந்து ஏறுகிறது. பாறையும் பள்ளமுமான அந்த வழியில் ஏறி இறங்கும் ஜீப்புகளில் பல, தயாரிப்பு நின்று ஆண்டுகள் ஆகிவிட்ட மகிந்திரா வண்டிகள். மேற்குத் தொடர்ச்சி மலையின் எந்தத் தோட்டப் பகுதிக்குப் போனாலும் இப்படிப்பட்ட வண்டிகளைப் பார்க்கலாம். இப்போது நகரத்திலும் இவற்றைத் தேடி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலிலேயே ஸ்பானர் பிடிக்கிறவர்கள் பெருகியிருக்கிறார்கள்.

தோட்டத்து ஓட்டுநருக்கும் நகரத்து ஆர்வலருக்கும் கேள்வி ஒன்றுதான். இருப்பதைச் சரிசெய்து ஓட்டுவதா, புதிய பாகங்களைப் போட்டு வண்டியை மேம்படுத்துவதா? எந்த வேலையை வீட்டில் செய்யலாம், எதைப் பட்டறைக்கு விட வேண்டும்? இதற்கு வரும் பதில்கள் பெரும்பாலும் சாமான் பட்டியலாக இருக்கின்றன: பெரிய டயர், பவர் ஸ்டீயரிங், டிஸ்க் பிரேக், புது இன்ஜின். பட்டியல் தவறில்லை, வரிசைதான் தவறு. நான்கு சக்கர இயக்க வண்டியில் ஓர் இடத்தைப் பலப்படுத்தினால் அங்கே தாங்கிய சுமை அடுத்த பலவீனமான இடத்துக்குப் போகும். அந்த இடம் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் மேம்பாடே அதை உடைத்துவிடும். இந்தக் கோணத்தில்தான் பழைய ஜீப்பின் ஒவ்வொரு பகுதியையும் இங்கே பார்க்கிறேன்.

நம்மிடம் இருக்கும் வண்டிகள்

1941இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த வில்லிஸ் எம்பி தான் இந்தக் குடும்பத்தின் மூதாதை. மகிந்திரா நிறுவனம் 1940களின் கடைசியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாக இறக்குமதி செய்து பூட்டத் தொடங்கியது. பிறகு உரிமம் பெற்று சிஜே3பி மாதிரியை இங்கேயே தயாரித்தது. அமெரிக்காவில் அந்த மாதிரி 1968இல் நின்றுபோனது. இந்தியாவில் அதன் அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. 2199 சிசி பெட்ரோல் இன்ஜினின் இடத்துக்கு டீசல் வந்தது. எம்எம்540 மாதிரியில் 2112 சிசி பூஜோ டீசல், 62 குதிரைத்திறன். கமாண்டர், மேஜர் போன்ற வண்டிகளில் 2523 சிசி டிஐ இன்ஜின். மாதிரி மாறினாலும் இலைப் பட்டை ஸ்பிரிங், முன்னும் பின்னும் கெட்டி ஆக்சில், ஏணி போன்ற சேஸிஸ், லீவரைத் தள்ளினால் விழும் நான்கு சக்கர இயக்கம் ஆகியவை அப்படியே இருந்தன.

வீட்டுப் பராமரிப்பு இங்கே சாத்தியமாக இருப்பதற்கு இந்தத் தொடர்ச்சியே முதல் காரணம். ஒரு மாதிரியின் பேரிங் அடுத்த மாதிரிக்கும் பல சமயம் பொருந்தும். புதிய பாகம் கிடைக்காவிட்டால் புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தை இருக்கிறது, அங்கும் இல்லாத புஷ்ஷைக் கோயம்புத்தூர் லேத்துகளில் கடைந்து வாங்கிவிடலாம்.

இன்னொரு பெரிய கூட்டம் மாருதி ஜிப்சி. 1985இன் கடைசியில் 970 சிசி இன்ஜினோடு வந்தது, 1996 முதல் 1298 சிசி. எடை குறைவு, பெட்ரோல் இன்ஜின், ஜீப்பைவிட நாசூக்கான வண்டி. இதன் தொல்லைகள் வேறு வகை, துருதான் அவற்றில் முதன்மையானது.

ஜாக்கி வைப்பதற்கு முன்

வீட்டில் வேலை செய்கிறவர் எல்லாவற்றுக்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று பழைய ஜீப்பின் ஹேண்ட்பிரேக். இன்றைய கார்களில் அது பின் சக்கரங்களைப் பிடிக்கும். சிஜே3பி வகை ஜீப்புகளில் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம், புரொப்பலர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு சிறிய டிரம் இருக்கும். ஹேண்ட்பிரேக் பிடிப்பது அந்த ஷாஃப்டைத்தான். இரண்டு பின் சக்கரங்களும் தரையில் இருக்கும்வரை வண்டி அசையாது. ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டால் கதை வேறு. ஷாஃப்ட் நின்றிருந்தாலும் டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் ஒரு பக்கமும் தரையில் உள்ள சக்கரம் எதிர்ப்பக்கமும் சுழல முடியும். அதாவது ஹேண்ட்பிரேக் முழுதாகப் போட்டிருந்தும் வண்டி உருளும். கியரில் விட்டிருந்தாலும் இதே நிலைதான். சரிவான வாசலில் இது ஆளைக் கொல்லும்.

ஆகவே தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தில் போட்டு லோ கியரில் விட்டால் முன் ஆக்சிலும் சேர்ந்து பிடிக்கும், ஆனால் முன் சக்கரத்தில் லாக்கிங் ஹப் இருந்தால் அதைப் பூட்டியிருக்க வேண்டும். வண்டியைத் தூக்கியபின் ஸ்டாண்டில் இறக்காமல் அடியில் படுக்கவே கூடாது. இந்த ஹேண்ட்பிரேக்குக்கு இன்னொரு குணமும் உண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் சீல் ஒழுகினால் எண்ணெய் நேராக அந்த டிரம்முக்குள்தான் போகும். ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை என்று கேபிளை இறுக்கிக்கொண்டே போகிறவர்கள் பலர். அங்கே மாற்ற வேண்டியது ஆயில் சீல்.

எண்ணெயும் கிரீஸும்

பழைய ஜீப்பில் கிரீஸ் நிப்பிள்கள் நிறைய. ஷாக்கிள், புரொப்பலர் ஷாஃப்டின் கிராஸ், டை ராடு எண்டு, கிளட்ச் லிங்க் எல்லாவற்றுக்கும் கன் வைத்துப் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடிக்க வேண்டும். ஆற்றையோ ஓடையையோ கடந்து வந்த வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்குப் பார்க்கக் கூடாது, வந்த வாரமே அடித்துவிடுவது நல்லது. வீட்டில் செய்யும் வேலைகளிலேயே அதிகப் பலன் தருவது இதுதான் என்பேன். செலவு மிகக் குறைவு. வண்டிக்கு அடியில் போய்ப் பார்க்கும் பழக்கமும் இதனால்தான் வருகிறது.

கியர் ஆயிலில் பலர் கவனம் வைப்பதில்லை. டிஃபரன்ஷியலின் கிரவுனும் பினியனும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே அழுத்துகின்றன. அதற்கு ஜிஎல்5 தர எண்ணெய் வேண்டும். அதையே கியர்பாக்ஸுக்கும் ஊற்றினால் அதில் இருக்கும் கந்தகக் கூட்டுப்பொருள்கள் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்குக் கேடு செய்யக்கூடும், கியர் விழுவதும் கடினமாகும். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்4 போதும். வில்லிஸ் வழிவந்த வண்டிகளில் கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒட்டிக்கொண்டிருப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எண்ணெய் கசிந்து போகும். ஒரு பக்கம் குறைந்திருந்தால் மறுபக்கத்தையும் திறந்து பார்ப்பது நல்லது. வடித்த எண்ணெயை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். பால் கலந்த நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மெல்லிய பொடி இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் செதில் வந்தால் அந்தப் பெட்டியைத் திறக்காமல் ஓட்டக் கூடாது.

ஜிப்சியில் பார்க்க வேண்டிய இடம் முன் நக்கிள். அந்த உருண்டைக்குள் கிரீஸ் அடைத்த ஜாயின்ட் இருக்கிறது. உள் சீல் போனால் டிஃபரன்ஷியல் எண்ணெய் வந்து கிரீஸைக் கரைத்துச் சக்கரத்தின் உட்பக்கம் ஒழுகவிடும். வெளிச் சீல் போனால் சேறும் தண்ணீரும் உள்ளே போகும். துடைத்துவிட்டு ஓட்டலாம் என்று நினைத்தால் சில மாதங்களில் ஜாயின்ட்டே கடகடக்கத் தொடங்கும்.

ஸ்டீயரிங் உதறல்

கெட்டி முன் ஆக்சில் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு நாள் சந்திக்கும் நோய் இது. ஐம்பது அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் வெறிகொண்டு ஆடும், வண்டியை ஏறக்குறைய நிறுத்தினால்தான் அடங்கும். இதற்குக் கடையில் உடனே தரும் தீர்வு ஸ்டீயரிங் டேம்பர். அதைப் போட்டதும் ஆட்டம் குறையும், சந்தேகமில்லை. ஆனால் ஆட்டத்துக்குக் காரணமான தேய்மானம் உள்ளே அப்படியே வளர்ந்துகொண்டிருக்கும்.

காரணத்தைத் தேடுவது வீட்டிலேயே முடியும் வேலை. முன் சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசைத்துப் பாருங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் குற்றம் வீல் பேரிங்கில். மிதித்த பின்னும் ஆடினால், நக்கிள் திரும்பும் அச்சான கிங்பின்னில். பிரேக் பிடிக்கும்போது டிரம்மும் நக்கிளும் ஒன்றாகிவிடுகின்றன, பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடுகிறது, அதற்குள்ளே இருக்கும் கிங்பின்னின் ஆட்டம் மட்டுமே மிஞ்சுகிறது. பணம் எதுவும் செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் சக்கர பேலன்ஸிங், அலைன்மென்ட் என்று அலைகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

கிங்பின் பேரிங்கின் இறுக்கத்தை முடிவு செய்வது தொப்பிக்கு அடியில் வைக்கும் மெல்லிய ஷிம் தகடுகள். ஷிம்மை எடுத்தால் இறுகும், சேர்த்தால் தளரும். கையால் இறுக்கம் பார்ப்பது நிபுணருக்குத்தான் வரும். மற்றவர்கள் டை ராடைக் கழற்றிவிட்டு நக்கிள் கையின் ஓட்டையில் ஒரு ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுத்து, நக்கிள் எத்தனை கிலோவில் திரும்பத் தொடங்குகிறது என்று அந்த மாதிரியின் கையேட்டோடு ஒப்பிடலாம். காய்கறிக்கடையில் தொங்கும் சின்னத் தராசே போதும்.

அடுத்து டை ராடு எண்டுகள். எம்பி முதல் சிஜே3பி வரை நடுவில் பெல்கிராங்க் என்ற ஒரு திருப்புகை உண்டு, அதன் பேரிங்கும் தேயும். பிறகு இலைப் பட்டையின் புஷ்களும் தளர்ந்த யூ போல்ட்களும். எல்லாம் சரி என்றால்தான் காஸ்டர் கோணத்துக்கு, அதாவது கிங்பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவுக்கு, வர வேண்டும். சிஜே3பியில் அது சுமார் 3 டிகிரி. பட்டை தொய்ந்தாலோ, வண்டியை உயர்த்த நீண்ட ஷாக்கிள் போட்டாலோ ஆக்சில் முன்னோக்கிச் சாய்ந்து இந்தக் கோணம் குறைந்துவிடும். வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராமல் போவது அதன் அடையாளம். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்துக் கோணத்தை மீட்கலாம். டோ இன் பார்க்கவும் வீட்டில் வழியுண்டு. டயரைச் சுற்றவிட்டு நடுவில் சாக்பீஸால் கோடு இழுத்து, முன்பக்கமும் பின்பக்கமும் கோட்டுக்குக் கோடு டேப்பில் அளந்தால் போதும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பக்கம் குறுகியிருக்க வேண்டும்.

இத்தனையும் செய்தபின் டேம்பர் போடுவதில் எனக்கு மறுப்பில்லை, மலைப்பாதையில் கைக்கு அது நல்ல துணை.

பிரேக்

பழைய சிஜே3பியின் பிரேக் 9 அங்குல டிரம். மாஸ்டர் சிலிண்டர் ஒரே வழி கொண்டது. ஒரு வீல் சிலிண்டரில் ரப்பர் கிழிந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். மேம்பாடு என்ற பட்டியலில் எனக்குக் கேள்வியே எழாத ஒன்று, இதை மாற்றி இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டர் போடுவது. முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனி வழி ஆகிவிட்டால் ஒன்று போனாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும். பிந்தைய வண்டிகளின் சிலிண்டரைத் தகுந்த தகட்டோடு பொருத்த முடியும். ஆனால் சிலிண்டரின் விட்டம், பெடலின் நீளம், சக்கரத்திலுள்ள சிலிண்டரின் அளவு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இந்தக் கணக்குத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் இதைத் தொடக்கூடாது.

மாற்றாமலேயே பெரிய முன்னேற்றம் கிடைக்கும் இடமும் இதுதான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் நீண்ட இறக்கத்தில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழு ஆயிலையும் மாற்றிக் காற்றெடுத்தால் போதும், வால்பாறையின் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது வித்தியாசம் தெரியும். ரப்பர் ஹோஸ்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஊதி அடைத்திருக்கும். ஒரு சக்கரம் மட்டும் பிரேக்கை விட்ட பிறகும் சூடாகிக்கொண்டே இருந்தால் அந்த ஹோஸைச் சந்தேகிக்க வேண்டும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

டிஸ்க் பிரேக் போடுவது அடுத்த கட்டம். சேற்றிலும் தண்ணீரிலும் டிரம்மைவிட டிஸ்க் உயர்ந்தது, நனைந்தாலும் சீக்கிரம் காயும், சேற்றை வழித்துவிடும். முன்பக்கம் மட்டும் டிஸ்க் போட்டால் முன், பின் பிரேக் பங்கு மாறும். அதைச் சரிசெய்யாவிட்டால் ஈரச் சாலையில் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

இன்ஜினும் சூடும்

டீசல் இன்ஜினில் வீட்டுக்குரிய வேலைகள் எண்ணெய், ஃபில்டர், பெல்ட், ஹோஸ், வால்வு இடைவெளி, காற்றெடுத்தல், ஹீட்டர் பிளக் சோதனை வரைதான். பூஜோ இன்ஜினில் குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆக ஹீட்டர் பிளக் வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சோதனை பல்பு வழியாகப் பிளக்கின் முனையைத் தொட்டால் பல்பு எரியும். எரியாத பிளக் செத்தது. அதற்குமுன் பிளக்குகளை இணைக்கும் கம்பியைக் கழற்றியிருக்க வேண்டும். பம்ப்பும் நாசில்களும் காலிபரேஷன் பெஞ்சுக்குரியவை. நாசிலிலிருந்து வரும் டீசல் நூறு பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீய்ச்சும், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அதில் கை வைத்துப் பார்க்கும் பழக்கம் எந்தப் பட்டறையில் இருந்தாலும் நிறுத்தப்பட வேண்டியது.

சூடு ஏறுவதைப் பற்றி ஒரு தவறான வைத்தியம் ஊரெங்கும் பரவியிருக்கிறது. இன்ஜின் சூடானால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். சமவெளியில் அந்த இன்ஜின் தன் இயல்பான சூட்டை எட்டவே எட்டாது. டீசல் முழுதாக எரியாது, புகை வரும், சிலிண்டர் சுவர் சீக்கிரம் தேயும். மலையில் சூடு ஏறுவதற்குக் காரணம் வேறு: உள்ளே சுண்ணாம்பு படிந்து அடைத்த ரேடியேட்டர், தளர்ந்த பெல்ட், எப்போதோ கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டாத ஃபேன் கூண்டு. லோ கியரில் ஏறும்போது வண்டியின் வேகத்தால் வரும் காற்று கிடையாது, ஃபேன் இழுக்கும் காற்றுதான் எல்லாம். கூண்டு இல்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்துக் காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும். கிணற்றுத் தண்ணீரை ஊற்றாமல் கூலண்ட் ஊற்றினால் ரேடியேட்டரைக் குத்தி அடைப்பெடுக்கும் வேலை அடிக்கடி வராது.

மின்சாரத்தில் பாதிப் பழுது எர்த் கம்பியில். விளக்கு மங்கல், செல்ஃப் மெதுவாகச் சுற்றுவது, மீட்டர் தாறுமாறாகக் காட்டுவது எதுவானாலும் முதலில் இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கு வரும் எர்த்தைக் கழற்றித் துருவைச் சுரண்டிப் பூட்ட வேண்டும். ஹெட்லைட்டுக்கு ரிலே போடுவது ஒரு மதியத்தில் முடியும் நல்ல மேம்பாடு. 60 வாட் பல்பு இரண்டு சேர்ந்து 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும், பழைய வண்டியில் அது முழுவதும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போகிறது. ரிலே போட்டால் அதே பல்பு பிரகாசமாக எரியும், சுவிட்சும் கருகாது.

பெரிய டயர் கேட்கும் விலை

அசல் ஜீப்பின் 6.00-16 டயர் சுமார் 28.5 அங்குல உயரம். அதை எடுத்துவிட்டு 31 அங்குல டயர் போடுவதுதான் பெரும்பாலோரின் முதல் ஆசை. உயரம் ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 65இல் போகும். 5.38 என்ற ஆக்சில் விகிதம் நடைமுறையில் 4.95 ஆகிவிடும், ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்தாக வேண்டும். அதே பிரேக் சுமார் 8 சதவீதம் குறைவான பிடியையே சாலைக்குத் தரும். கனத்த சக்கரத்தைத் திருப்ப ஸ்டீயரிங் கடினமாகும், அதற்குப் பவர் ஸ்டீயரிங் தேடுவோம். பவர் ஸ்டீயரிங்கின் தள்ளுவிசை சேஸிஸில் பாக்ஸ் பூட்டியிருக்கும் இடத்துக்குப் போகும். பழைய சேஸிஸ் அந்த இடத்தில் விரிசல் விடுவது ஜீப்காரர்கள் அறிந்த ஒன்று. தகடு வைத்துப் பலப்படுத்திவிட்டால் சுமை டை ராடுக்கும் கிங்பின்னுக்கும் போகும். பாறையில் டயர் நன்றாகப் பிடிப்பதால் முறுக்குவிசை ஆக்சில் ஷாஃப்டுக்கும் கிராஸுக்கும் ஏறும். பழைய பின் ஆக்சில்களில் டிரம்மைக் கூம்பு முனையில் ஒரு கீ தான் பிடித்திருக்கிறது. நட் சிறிது தளர்ந்தாலும் அந்தக் கீ வெட்டிக்கொள்ளும்.

வண்டியை உயர்த்துவதும் இப்படித்தான். புரொப்பலர் ஷாஃப்டின் கோணம் கூடும், கிராஸ் அதிரும், பிரேக் ஹோஸ் நீளம் போதாமல் இழுபடும், காஸ்டர் கெடும். ஒன்றிரண்டு அங்குலத்துக்கு மேல் உயர்த்துகிறவர் இவை அத்தனைக்கும் சேர்த்துப் பணம் வைத்துக்கொள்ள வேண்டும். தொய்ந்த பட்டையைப் பட்டறையில் மறுபடி வளைத்து, புஷ் மாற்றினாலே வண்டி தன் பழைய உயரத்துக்கு வந்துவிடும். பலருக்கு அந்த உயரமே போதுமானது.

இன்ஜின் மாற்றத்தைப் பற்றிப் பேசும் முன் ஒரு பெருக்கல் கணக்கைப் பார்க்கலாம். சிஜே3பியின் முதல் கியர் 2.798, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2.46, ஆக்சில் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் 37 முறை சுற்றுகிறது. சிறிய இன்ஜின் பாறையில் நடைபோல் ஏறுவதன் ரகசியம் இந்தப் பெருக்கல். மலைப்பாதைக்கு இன்ஜினின் குதிரைத்திறன் குறை என்பது பெரும்பாலும் உண்மையல்ல. குறை தெரிவது நெடுஞ்சாலையில். மகிந்திரா தார் வண்டியில் வந்த 105 குதிரைத்திறன் சிஆர்டிஇ இன்ஜினை 62 குதிரைத்திறனுக்கு அமைந்த வண்டியில் வைத்தால் கியர்பாக்ஸ், ஷாஃப்ட், பிரேக், ரேடியேட்டர், வயரிங் எல்லாம் கூடவே மாற வேண்டும். மாறினால் நம்பர் பிளேட்டைத் தவிர பழைய வண்டியில் என்ன மிச்சம் என்று கேட்கத் தோன்றுகிறது.

இரண்டு கட்சிகள்

அசல் தன்மை காப்பவர்கள் ஒரு பக்கம். ஆலையிலிருந்து வந்த போல்ட்டின் தலையில் உள்ள குறிவரை தேடுவார்கள். வேலைக்குப் பயன்படுத்துகிறவர்கள் மறுபக்கம், ஓடினால் போதும் என்பார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. மேற்கு வங்கத்தின் மானேபஞ்சனில் 1950களின் லேண்ட் ரோவர்கள் 3,636 மீட்டர் உயர சந்தக்பூவுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றிருக்கின்றன. அவற்றில் பல மகிந்திரா டீசல் இன்ஜின் பொருத்தப்பட்டவை. அசல் இன்ஜினுக்குப் பாகம் இல்லாத ஊரில் அந்த மாற்றமே அந்த வண்டிகளைக் காப்பாற்றியது. இலங்கையில் இதே பங்கைச் செய்வது மிட்சுபிஷி 4டிஆர்5 டீசல் ஜீப். 2020 மார்ச்சில் அங்கே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் இருப்பதைப் பழுது பார்த்து ஓட்டுவது தவிர வேறு வழியில்லாமல் போயிற்று.

என் தீர்ப்பு வேலைக்குப் பயன்படுத்துகிறவர்கள் பக்கம் சாய்கிறது. பாகம் கிடைக்காததால் செய்யும் மாற்றமும், உயிரைக் காக்கும் மாற்றமும் சரி. இரட்டை வழி பிரேக், இருக்கை பெல்ட், ரிலே, நல்ல ரேடியேட்டர் ஆகியவற்றுக்காக அசல் தன்மையை விட்டுக்கொடுக்கலாம். தோற்றத்துக்காகச் செய்யும் மாற்றத்துக்கு அந்த நியாயம் கிடையாது. இந்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் வந்த பழம்பெரும் வாகனப் பதிவு, 50 ஆண்டு தாண்டியதும் சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாததுமான வண்டிக்குத்தான் கிடைக்கும். 1970க்கு முந்தைய ஜீப்பை வைத்திருப்பவர் வெல்டிங் டார்ச்சை எடுக்குமுன் இதை யோசித்துவிட வேண்டும்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுப் புத்தகம் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. தேய்ந்த இன்ஜினுக்குப் பதில் அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜின் வைக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியோடு வழி இருக்கிறது. சேஸிஸை வெட்டி நீட்டுவதற்கோ, வேறு வகை பாடி ஏற்றுவதற்கோ அப்படி வழியில்லை. முன்னால் மாட்டும் இரும்புக் கம்பித் தடுப்புக்கு எதிராக 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது.

தனியார் வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு, பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. பழைய ஜீப் வாங்கப் போகிறவர் பட்டறைக்காரரை அழைத்துச் செல்வதோடு, சேஸிஸ் எண்ணைத் தேய்த்துத் துடைத்துப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். இன்ஜின் எண், எரிபொருள் வகை, இருக்கை எண்ணிக்கை மூன்றையும் பார்க்க வேண்டும். ராணுவ ஏலத்தில் வந்த வண்டி என்றால் ஏலத் தாளும் வேண்டும். பெட்ரோல் என்று பதிவில் இருந்து உள்ளே டீசல் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் ஜீப்புகள் சந்தையில் ஏராளம். விலை குறைவு என்று அதை வாங்குகிறவர் விபத்து நடந்தால் காப்பீட்டுக் கோரிக்கையில் சிக்குவார், அடுத்த புதுப்பிப்பிலும் சிக்குவார். அப்படிப்பட்ட வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, பதிவைச் சரிசெய்து தரும் பொறுப்பை விற்பவர் மேல் எழுத்தில் வைத்துவிட வேண்டும். அவர் மறுத்தால் வேறு வண்டி பார்ப்பதே மேல்.